வரேன் என்று சொன்னேன்

14 ஜூன் 1978, புதன்

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. நாற்பத்தொரு பெண்கள். சாக்பீஸ் நமுத்துப்போயிருக்கிறது, எழுதவே இல்லை. வரலாற்றுக்கு ஆதாரங்கள் எவை என்று தொடங்கினேன். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அயல்நாட்டார் எழுதிய குறிப்பு. அயல்நாட்டார் பொய் எழுதியிருந்தால் என்ன செய்வது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். இன்னொரு ஆதாரம் தேட வேண்டும் என்றேன். அது கிடைக்காவிட்டால்? மணி அடித்துவிட்டது.

தலைமையாசிரியை அனந்தம்மாள் கூப்பிட்டு, இந்த வருஷம் தற்காலிகம்தான், ஒழுங்காக இருந்தால் அடுத்த ஜூனில் நிரந்தரம் என்றார். 'ஒழுங்காக' என்பதை இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறியவள் நான் ஒருத்தி. வேலை நிரந்தரமாகிவிட்டால் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு உத்தரவுக் காகிதம் வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

சாயங்காலம் நாற்பத்தொரு பேரும் வரிசையாக, "வரேன் டீச்சர்", "வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்க நன்றாக இருந்தது.

3 ஜூலை

மூக்குக் கண்ணாடியின் ஒரு கை கழன்றுவிட்டது. பட்டு நூலால் கட்டியிருக்கிறேன். இந்த வீட்டில் வேறு என்ன நூல் கிடைக்கும்.

4 ஆகஸ்ட், ஆடி வெள்ளி

எங்கள் தெருவில் தறிக்கு ஒரு டிரான்சிஸ்டர். எல்லாவற்றிலும் இலங்கை வானொலி. ஒரு வீட்டைத் தாண்டும்போது ஆரம்பித்த பாட்டு பள்ளிக்கூட முக்குக்குப் போவதற்குள் முடிந்துவிடும், நடுவில் எங்கும் அறுந்துபோகாது. புதுப் படத்துப் பாட்டு ஒன்று பத்து நாளாக இப்படிக் கூடவே வருகிறது. மெட்டு நல்ல மெட்டு. பாத்திரம் தேய்க்கும்போது நானே முணுமுணுத்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இன்று அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் மூன்றாவது சரணம் தெளிவாகக் காதில் விழுந்தது.

பட்டு நெய்யும் ஊரினிலே பஸ்ஸேறும் பொண்ணொருத்தி
கண்ணாடிக்குள் கண்ணொளித்தாள்
வரேனென்று சொல்லிச் சிரித்தாள் – அட
மூணு வண்டி போயாச்சு, வரேன்னவ வரலியே

கூழ் வாங்க நின்ற வரிசையில் என் கால் நகரவில்லை. பின்னால் நின்ற அம்மாள் முதுகில் இடித்தாள். பாட்டு எழுதியவர் பெயரை டிரான்சிஸ்டரில் ஒரு தடவை சொன்னார்கள், அப்போது கவனிக்கவில்லை. நேமிசந்திரன்.

நானாக இருக்காது. கண்ணாடி போட்ட பெண்கள் எத்தனை பேர்.

எத்தனை பேர்? அந்த பஸ்ஸில் நான் ஒருத்திதான்.

5 ஆகஸ்ட்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இன்னொரு ஆதாரம்.

நேமிசந்திரன் பெரணமல்லூர் பக்கத்து கிராமம். நிலம் உள்ள ஜைனக் குடும்பம். வேலூரில் தமிழ் எம்.ஏ. படித்தார். நான் அங்கே பி.ஏ. இருவரும் ஆரணியிலிருந்து காலை ஏழேகால் வண்டி. நின்றுகொண்டே எதையாவது எழுதுவார், கம்பியில் விரலால் தாளம் போடுவார். இரண்டு வருஷத்தில் பேசியது இரண்டு தடவை. முதல் தடவை, "இந்தப் பை உங்களுதா?" "ஆமாங்க."

இரண்டாவது, 1976 ஏப்ரல். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அவராகவே வந்து, சினிமாவுக்குப் பாட்டு எழுத மெட்ராஸ் போவதாகவும் நாளைக் காலை அதே ஏழேகால் வண்டியில் வேலூர் போய் அங்கிருந்து ரயில் என்றும் சொன்னார். எனக்குத் தெருக்காரர்கள் யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் கவலை. "சரிங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அவ்வளவுதான்.

பால்காரர் சொல்வது. ஜோசியர் சொல்வது. இழவு வீட்டைத் தவிர எல்லா வீட்டு வாசலிலும் எல்லோரும் சொல்வது. 'போறேன்' என்று வாயால் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்வது. அவருக்குத் தெரியாதா? தமிழ் எம்.ஏ.!

இன்னொன்று. நான் சிரிக்கவில்லை.

19 செப்டம்பர்

பாட்டு ஓயவில்லை. பாடுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும் என்கிறார்கள். என்மேல் அவருக்கு என்ன அவ்வளவு ஏக்கம்.

12 நவம்பர், ஞாயிறு

சினிமாப் பத்திரிகையில் பேட்டி வந்திருக்கிறது. அண்ணன் பழனி சுருட்டிக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். "இந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்தவள் ஆரணிக்காரி. என்னோடு கல்லூரிக்குப் பஸ்ஸில் வந்தவள். பெயர் சொல்ல மாட்டேன், அவள் நன்றாக இருக்கட்டும். வரேன் என்றாள். மூன்று வண்டி விட்டுக் காத்திருந்தேன். வரவில்லை." பக்கத்தில் அவர் படம். ஜன்னலைப் பார்த்தபடி.

பெயர் சொல்லவில்லையாம். ஆரணி, பஸ், காலேஜ், கண்ணாடி. இதற்குமேல் வீட்டு நம்பர்தான் பாக்கி.

அம்மா பழனியைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி குஜா, அந்த ஆளாண்ட வரேன்னு சொன்னியா?"

"அம்மா, அது வந்து..."

"சொன்னியா, இல்லியா? அதை மட்டும் சொல்லு."

"சொன்னேன்."

"அப்ப பாட்டு பொய் இல்ல" என்றான் பழனி. அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டீக்கடையில் இப்போது இவனுக்கு பெஞ்சில் இடம் விடுகிறார்களாம்.

எல்லோரிடமும் சொல்வதுதானே, நீ சொல்லமாட்டாயா என்று கேட்டேன். அம்மாவுக்குப் புரிந்தது. புரிந்தும் சொன்னாள்: "நாங்க சொன்னா எவன் பாட்டு கட்டறான்."

20 நவம்பர்

கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்: 'வரேன்'. அழித்தேன். நாற்பத்தொரு பேரும் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வரிசையில் வந்து சொன்னார்கள். "வரேன் டீச்சர்" – இழுத்து, அந்த மெட்டில். ஒருத்தி, இரண்டாவது, மூன்றாவது. எதற்காகத் திட்டுவது? வழக்கமாகச் சொல்வதைத்தானே சொல்கிறார்கள்.

அனந்தம்மாள் கூப்பிட்டார். என்னைத் தப்பாக நினைக்கவில்லையாம். பெற்றோர் கேட்கிறார்களாம். ஜூன் மாத விஷயத்தை கமிட்டியில் இப்போது எடுக்க வேண்டாம், பாட்டு ஓயட்டும் என்றார். எப்போது ஓயும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அதை அந்தக் கவிஞரைத்தாம்மா கேக்கணும்" என்று சிரித்தார்.

27 நவம்பர்

வரேன் என்று சொல்வதை விட்டுவிட்டேன். பேசாமல் எழுந்து வருகிறேன். படித்த திமிர் என்று கடைக்காரர் சொன்னாராம்.

இன்று காலை அவசரத்தில், "அம்மா, போறேன்" என்று வந்துவிட்டது. வாசலைத் தாண்டியிருந்தேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். "என் தலைமேல கல்ல தூக்கிப் போடுடி. இப்ப ஒழுங்கா சொல்லிட்டுக் கிளம்பு." குடித்தேன். உட்கார்ந்தே இருந்தேன். அந்தச் சொல் வாயில் வரவில்லை. முதல் பீரியட் தவறிவிட்டது.

6 டிசம்பர்

தமிழ் ஆசிரியை ரத்னாவதி நேமிசந்திரனின் ஊர், உறவும்கூட. நேற்றுவரை இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, சாப்பிடாமல் சொன்னாள். நேமி மெட்ராஸ் போன அன்று வழியனுப்பியது அவள் அண்ணனாம். வந்தவாசி பஸ் ஏற்றிவிட்டு, அங்கிருந்து மெட்ராஸ் வண்டி. ஆரணிப் பக்கமே வரவில்லை.

"நெஜமாவா?"

"எங்க அண்ணன்தாம்பா பெட்டியத் தூக்கினு போனாரு."

ஆக, ஏழேகால் வண்டிக்கு வராதவர் அவர். வருவதாகச் சொன்னவரும் அவர்.

இதை வெளியே சொல்வாயா என்று கேட்டேன். ரத்னாவதி டிபன் பாக்ஸை மூடினாள். குடும்பத்துக்கு இப்போதுதான் ஒரு பெயர் வந்திருக்கிறதாம்.

9 ஜனவரி 1979

அப்பாவுக்குப் புது ஆர்டர். கொடுத்தவர் பட்டு வியாபாரி சடையப்பன். எங்கள் பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டெண்டும் அவர்தான். பொங்கலுக்குப் பிறகு மெட்ராஸ் கடைகளுக்குப் போக வேண்டிய சரக்கு. பார்டரில் இரண்டு வட்டம், நடுவில் ஒரு சிறு கோடு, மறுபடி இரண்டு வட்டம். டிசைன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பழனிதான் சொன்னான்: "மூக்குக் கண்ணாடி!"

'வரேன் சேலை' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.

அப்பா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. என் மூக்குக் கண்ணாடியை அப்பா ஜரிகையில் நெய்கிறார். நான் சமையல்கட்டில் உட்கார்ந்து தறிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

30 ஜனவரி

அக்கம்பக்கத்தில் எல்லாத் தறியிலும் அதே டிசைன். தெரு முழுக்கக் கண்ணாடி.

16 பிப்ரவரி, வெள்ளி

சடையப்பன் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைக் கூப்பிட்டுப் பேசினார். ஆண்டு விழாவுக்கு நேமிசந்திரன் சிறப்பு விருந்தினர். நான் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மாலை போட வேண்டும்.

"ஊரே சொல்லிகினு கீது, நீ இன்னாத்துக்கும்மா மூடி மூடி வெக்கிற? இது எம்மாம் பெரிய கவுரவம். வந்து மாலையப் போடு. ஜூன் வரைக்கும் இன்னாத்துக்கு, ஏப்ரல்லயே ஆர்டர்ல கையெழுத்து போட்டுத் தரேன்."

அனந்தம்மாள் பக்கத்தில் நின்று தலையாட்டினார். நவம்பரில் ஒழுங்கீனமாக இருந்தது பிப்ரவரியில் கவுரவமாகிவிட்டது. நடுவில் நான் செய்தது ஒன்றுமில்லை.

முடியாது என்றால் அந்தக் காகிதம் கிடையாது. கிடைக்காவிட்டால் அம்மா ஜாதகத்தை வெளியே எடுப்பாள். மாலைதானே. போட்டால் என்ன? அவரைத் தனியாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால்? மேடையில் அவர் வாயாலேயே, 'அது கற்பனை' என்று ஒரு வரி சொன்னால் போதாதா?

சரி என்றேன்.

24 மார்ச், சனி

இன்றே எழுத வேண்டும்.

விழாவுக்கு முன்னால் தலைமையாசிரியை அறையில் காபி கொடுத்தார்கள். மற்றவர்கள் மாலையைப் பார்க்கப் போன நேரம். நேமிசந்திரன் கொஞ்சம் பருத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். அடையாளம் தெரிந்ததா, சேலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரா, அறியேன்.

நான் கேட்டேன்: "ஏழேகால் வண்டிக்கு நீங்க வரவே இல்லையாமே?"

மறைக்கவில்லை. சிரித்தார். "இல்லீங்க. வந்தவாசி வழியா போயிட்டேன். உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"அப்ப மூணு வண்டி?"

"மெட்டுக்கு மூணு வேண்டியிருந்துதுங்க. ரெண்டு போட்டா தாளம் உக்காரல."

நான் எதிர்பார்த்து வந்த பதில்கள் பல. இது அதில் இல்லை. மூன்று என்பது தாளம்.

ஜூன், தற்காலிகம், நிரந்தரம் எல்லாம் சொன்னேன். மேடையில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். வாழ்க்கையில் ஒரு ஆணிடம் நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. "அதுக்கென்னங்க, சொல்லிடறேன்" என்றார். பிறகு காபியை ஆற்றிக்கொண்டே, "கோவமா இருக்கீங்க போல. நம்ம மேல ஒரு பாட்டு வராதான்னு எத்தினி பொண்ணுங்க தவம் கெடக்குது தெரியுமா?" என்றார்.

மேடை. மாலை போட்டேன். கைதட்டல். முதல் வரிசையில் சடையப்பன் குடும்பம். பின்னால் அம்மா, அப்பா, பழனி. இரண்டு பக்கமும் என் நாற்பத்தொரு பேர்.

அவர் பேசினார். அழகாகப் பேசுகிறார். ஆரணிக் காலை, ஈரப் பாவு காயும் தெரு, பஸ் ஜன்னல். இதோ வரப்போகிறது, இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "ஒண்ணு போச்சு. ரெண்டு போச்சு. மூணாவது வண்டியும் போச்சு" என்றார். "மூணு வருஷம் கழிச்சு இன்னைக்கு வந்திருக்காங்க. கையில மாலையோட." என் பக்கம் கையை நீட்டினார்.

எங்கே பார்த்தாலும் கைதட்டல். மாணவிகள் பாடவே ஆரம்பித்துவிட்டார்கள். சடையப்பன் ஜாடை காட்ட, மைக்கை என் முன்னால் நகர்த்தி வைத்தார்கள். நேமிசந்திரன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், எங்க எல்லாருக்காகவும் அந்த வார்த்தைய இன்னொரு தரம் சொல்லுங்க."

வந்தவாசி என்று சொல்லியிருக்கலாம். தாளம் உட்காரவில்லை என்றதைச் சொல்லியிருக்கலாம். ரத்னாவதியைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம். மைக்கில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. வாயில் வந்தது ஒரே சொல்.

"போறேன்."

மங்கலமான மேடை. பூ, குத்துவிளக்கு, மாலை போட்ட மனிதர். பாட்டு அறுந்து நின்றது. முதல் வரிசையில் சடையப்பன் சம்சாரம் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். படியிறங்கி நடந்தேன். யாரும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கவில்லை.

26 மார்ச்

அம்மா நேற்று பேசியது ஒன்றுதான்: "சபையில சொல்ற சொல்லாடி அது."

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, பரீட்சைத் தாள் திருத்த நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வழக்கம்போல, "வரேன்மா" என்றார். என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

2 ஏப்ரல்

அப்பா சடையப்பனைப் பார்க்கப் போய்வந்தார். எனக்காகக் கெஞ்சப் போனார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இந்தப் பாவோட சரி. கண்ணாடி இனிமே நெய்யறதில்லன்னு சொல்லிட்டேன். வேற டிசைன் குடுத்தா குடுக்கட்டும்."

பிறகு தறிக் குழியில் இறங்கினார்.

13 ஜூன்

என் வகுப்புக்கு வேறு ஆசிரியை. பழனிதான் சொன்னான்.

9 செப்டம்பர்

பெண் பார்க்க வந்தார்கள், போளூர் பக்கம். பஜ்ஜி சாப்பிட்ட பிறகு பையனின் அக்கா கேட்டாள்: அந்தப் பாட்டுப் பொண்ணு இதுதானா? ஆமாம் என்று பழனி முந்திக்கொண்டான், அவனுக்கு இன்னும் பெருமை. ஒரு தடவை அந்த மாதிரி சொல்லிக் காட்டச் சொன்னார்கள். உள்ளே எழுந்து போய்விட்டேன். பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். "வரோம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். வரவில்லை. அதைப் பற்றி யாராவது பாட்டு எழுதட்டும்.

18 ஆகஸ்ட் 1980

பி.எட். முடித்தபோது எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து வைத்தது. மூன்று வருஷம் கழித்துக் கார்டு வந்து, கலசப்பாக்கத்தில் அரசுப் பள்ளிக்கூடம். நிரந்தரம். கவுரவம் என்று சொல்லி யாரும் தந்ததல்ல, வரிசைப்படி வந்தது.

பழனி டிரங்குப் பெட்டியை ரிக்ஷாவில் ஏற்றினான். அப்பா தறிக் குழியில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தார். வாசலில் அம்மா, கையில் சொம்போடு. எதற்குச் சொம்பு என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்கும் தெரியும்.

"அம்மா, போறேன்."

சொம்பு நீளவில்லை. வாசலின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு மெதுவாக, வீட்டைவிட்டு யார் கிளம்பினாலும் அவள் சொல்லியிராத சொல்லைச் சொன்னாள்.

"ம். போ."

12 நவம்பர் 1981, வியாழன். கலசப்பாக்கம்

மழை. ஏழாம் வகுப்பில் ஓடு ஒழுகுகிறது, பெஞ்சை நகர்த்திப் போட்டோம்.

இங்கே என்னைப் பாட்டோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் எப்போதாவது அந்தப் பாட்டு வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கூடவே பாடுவார்கள், 'பாவம்டா அவன்' என்பார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வேன்.

இன்று மூன்று பேர் வரவில்லை. நேற்று மாலை மூன்று பேருமே "வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ரெஜிஸ்டரில் ஆப்சென்ட் போட்டேன். ஒருத்திக்குக் காய்ச்சல். ஒருத்தி வீட்டில் மல்லாட்டைக் கடலை பிடுங்கும் வேலை. இன்னொருத்திக்கு என்ன காரணம் என்று தெரியவில்லை.

தெரியாததை நான் எழுதவில்லை.